அரப்பு தேய்த்த குதிரைவால்

என் மனைவியின் தோளில் ஒட்டியிருந்த அந்த முடி வெள்ளையாக, ஒரு முழத்துக்கு மேல் நீளமாக இருந்தது. எங்கள் வீட்டில் அந்த நீளத்துக்கு வெள்ளை முடி யாருக்கும் கிடையாது. எனக்கு முடியே அதிகம் கிடையாது. அவள் எதிரே உட்கார்ந்து தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நான் சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டெக்சாஸில் வெள்ளை முடியை நீளமாக வளர்த்துப் பின்னால் முடிந்துகொண்டு, தொப்பி வைத்து, பிக்கப் டிரக் ஓட்டும் ஆண்கள் உண்டு. அந்த ஒரு நிமிஷத்தில் அப்படி ஒருத்தனை முழுசாக உண்டாக்கி, அவனுக்கு நீலக் கண்ணும் வைத்துவிட்டேன்.

"இது யாரோடது?" என்று எடுத்து நீட்டினேன்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அவளோடது. வால்."

"எவளோடது?"

"குதிரைங்க. சொன்னேனே உங்ககிட்ட. மீட்டிங்ல இருந்தீங்க, தலைய தலைய ஆட்டினீங்க."

சொல்லித்தான் இருக்கிறாள். அவளுடைய கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது அவளுக்கும் வேலை போனது. அதன் பிறகு மகளுடைய தோழி ஒருத்தியின் பிறந்தநாள் விழா ஒரு குதிரைப் பண்ணையில் நடந்தது. நாங்கள் இருக்கும் ஃபிரிஸ்கோவிலிருந்து வடக்கே, புதுக் குடியிருப்புகள் இன்னும் வந்து சேராத இடம். குழந்தைகள் சவாரி போனபோது வேலியோரம் நின்ற இவளிடம் ஒரு கிழட்டு வெள்ளைக் குதிரை நடந்து வந்து, தோளில் தலையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றதாம். மறுவாரம் பண்ணைக்காரப் பெண்மணியிடம் கேட்டு, சும்மா உதவிக்கு வருகிறேன் என்று போக ஆரம்பித்தாள். முதலில் சனிக்கிழமை மட்டும். பிறகு எல்லா நாளும்.

சனிக்கிழமை என்பதுதான் என்னைக் குத்தியது. நான் கோபிசெட்டிபாளையத்துக்காரன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பது எங்கள் வீட்டில் மதம் மாதிரி. கல்யாணமான நாளிலிருந்து, இர்விங்கில் ஒற்றைப் படுக்கையறை அப்பார்ட்மென்ட்டில் இருந்த காலம் தொட்டு, சனிக்கிழமை காலையில் இவள்தான் என் தலையில் எண்ணெய் வைப்பாள். மயிலாப்பூரில் பிறந்தவளுக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லை. எனக்காகக் கற்றுக்கொண்டாள். உச்சந்தலையில் முடி உதிர்ந்து வழுக்கை விழுந்த பிறகும், "நிலம் காலியா இருந்தாலும் தண்ணி பாய்ச்சணும் இல்ல" என்று சொல்லித் தேய்த்துவிடுவாள். குதிரை வந்த பிறகு சனிக்கிழமைகளில் எண்ணெய்க் கிண்ணத்தை அடுப்படியில் சூடாக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள். நானே தேய்த்துக்கொண்டேன். சொந்தக் கை சொந்தத் தலையில் பட்டால் ஒரு சுகமும் இல்லை.

அடுத்து அரப்பு. எண்ணெயைப் போக்க என் அம்மா ஊரிலிருந்து ஆள் மூலமாக அரப்புத் தூள் அனுப்புவாள். உசிலை இலையைக் காயவைத்து அரைத்தது. இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரு நாள் குளியலறைக்குப் போனால் டப்பா காலி. பாத்டப்பில் பச்சைத் தண்ணீர் தேங்கி நிற்க, அதில் ஒரு கற்றை வெள்ளை வால்முடி மிதந்துகொண்டிருந்தது.

"ஷாம்பூல அழுக்கு போகலைங்க," என்றாள், முழங்கை வரை பச்சையாக. "அரப்புல பாருங்க, எப்படிப் பளபளன்னு ஆயிடுச்சு!"

ஆகியிருந்தது. என் தலைமுடி இளமையில்கூட அப்படிப் பளபளத்ததில்லை.

அம்மாவிடம் ஃபோனில் நியாயம் கேட்டேன். "ஏஞ்சாமி, குதரைக்கா தேச்சு உட்டா?" என்று கேட்டுவிட்டு அம்மா வெகுநேரம் சிரித்தாள். "செரி உடு. அடுத்தவாட்டி சேத்தி அனுப்பறேன்." எனக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை.

அந்த முடியை என்ன செய்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. குதிரைக்காரர்கள் தங்கள் குதிரையின் வால்முடியைப் பின்னிக் கையில் காப்பு மாதிரிப் போட்டுக்கொள்வார்கள். நம் ஊரில் யானைமுடி மோதிரம் போடுவதில்லையா, அப்படி. பண்ணையில் யாரோ போட்டிருந்ததைப் பார்த்து, வீடியோக்களைப் போட்டுப் போட்டு நிறுத்தித் தானாகவே கற்றுக்கொண்டாள். சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிப்பதுதான் அவள் வேலையாக இருந்தது. பின்னலிலும் அதே கண். ஒரு இழை புரண்டிருந்தால் முழுவதையும் பிரித்துவிடுவாள். அவள் கட்டியிருந்ததைப் பார்த்துப் பண்ணைக்கு வருகிறவர்கள் கேட்டார்கள். அவர்கள் சொல்லி அவர்களுக்குத் தெரிந்தவர்கள் கேட்டார்கள். கொஞ்ச நாளில் எங்கள் வீட்டுக்குத் தபாலில் வால்கள் வர ஆரம்பித்தன. செம்பட்டை, கறுப்பு, தேன் நிறம். பெரும்பாலும் செத்துப்போன குதிரைகளுடையவை. கராஜில் என் காருக்கு மேலே வரிசையாகத் தொங்கும். ஆபீஸ் கிளம்பும்போது அவற்றின் கீழே குனிந்துதான் காருக்குள் ஏறுவேன்.

சாப்பாட்டு மேசையிலும் குதிரை முடிதான் பேச்சு. அந்தக் காலத்தில் சோபாவுக்குள் குதிரை முடியைத்தான் திணித்தார்களாம். மாவு சலிக்கும் சல்லடையை அதில்தான் நெய்தார்களாம். சுவர் விரிசல் விடாமல் இருக்கச் சுண்ணாம்புக் கலவையில் கலந்தார்களாம். மீன் பிடிக்கும் தூண்டில் நூல், லண்டன் வக்கீல்களின் டோப்பா, தூரிகை, இன்றைக்கும் விலை உயர்ந்த மெத்தை. ஒரு நாள் நான் ஆபீஸ் விருந்துக்குக் கோட் போட்டுக் கிளம்பியபோது, மார்புப் பக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயும் அதான் இருக்கு, தெரியுமா? தொங்காம விறைப்பா நிக்கறதுக்குக் குதிரை முடித் துணி வச்சுத் தைப்பாங்க," என்றாள்.

என் நெஞ்சை நிமிர்த்திப் பிடித்திருப்பதும் ஒரு குதிரைதான் என்று தெரிந்தபின் அந்த விருந்து எனக்கு ருசிக்கவில்லை.

ஒரே ஒரு முறை எனக்கு வெற்றி கிடைத்தது. எங்கள் மகள் வயலின் கற்றுக்கொள்கிறாள். வில்லில் கட்டியிருப்பதும் குதிரை வால்முடிதான். அது தேய்ந்து அறுபட ஆரம்பித்ததும், "அவளோட முடியவே கட்டிடலாமே," என்று இவள் குதித்தாள். டாலஸில் வயலின் பழுது பார்க்கும் ஒருவரிடம் மூன்று பேரும் போனோம். அவர் முடியை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஆணா, பெண்ணா?" என்று கேட்டார். பெண் என்றதும் தலையை ஆட்டினார். பெண் குதிரைக்கு வாலில் சிறுநீர் படும், அதனால் முடி வலுவிழக்கும், வில்லுக்கு ஆண் குதிரையின் முடியைத்தான் எடுப்பார்கள், அதுவும் குளிர்ப் பிரதேசத்துக் குதிரை என்றால் உத்தமம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இவள் முகம் சுண்டிவிட்டது. திரும்பி வரும்போது ஃப்ரீவேயில் நான் எனக்கே தெரியாமல் ஏதோ பாட்டை முணுமுணுத்திருக்கிறேன். பின் சீட்டிலிருந்து மகள், "அப்பா, வொய் ஆர் யூ சோ ஹாப்பி?" என்று கேட்டாள். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பாட்டை நிறுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை மதியம், ஆபீஸில் சீக்கிரம் வேலை முடிந்துவிட்டது. அவளைக் கூட்டிக்கொண்டு எங்காவது சாப்பிடப் போகலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் பண்ணைக்குப் போனேன். அதுவரை நான் அங்கே போனதே இல்லை. லாயத்துக்குள் நுழையும்போது அவள் குரல் கேட்டது. யாரிடமோ தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். பண்ணையில் இன்னொரு தமிழர் யார் என்று யோசித்துக்கொண்டே மரத்தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"நேத்து இன்டர்வியூல ஒரு பையன்டீ," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "இவ்ளோ நாள் கேப் எதுக்கு, வீட்ல என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு கேட்டான். கேமராவ ஆஃப் பண்ணிட்டேன். வீட்ல சொல்லல. சொன்னா அவர் உடனே லேப்டாப்ப எடுத்து என் ரெஸ்யூமேவத் திருத்த உக்காந்துடுவார். நல்லவர்தான். ஆனா எனக்கு ரெஸ்யூமே வேண்டாம்டீ. பயமா இருக்குன்னு சொன்னா, ஆமா, பயமாத்தான் இருக்கும்னு சொல்ல ஒரு ஆள் போதும்."

தடுப்பின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். வெள்ளைக் குதிரையின் வாலைச் சீப்பால் நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். குதிரை புல்லை மென்றபடி ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பி அவள் பக்கம் வைத்திருந்தது. அந்தக் காது என்னை என்னவோ செய்தது. என்னால் அப்படிக் காது கொடுக்க முடிந்ததே இல்லை. இன்டர்வியூ நடந்ததே எனக்குத் தெரியாது. அந்த நிமிஷம் அந்தப் பிக்கப் டிரக்குக்காரனே இருந்திருந்தால் தேவலாம் என்று தோன்றியது. அவனோடு சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஓசைப்படாமல் திரும்பி, காரை எடுத்துக்கொண்டு இந்தியன் ஸ்டோருக்குப் போய்த் தேவையில்லாமல் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் வந்ததும், "இன்னிக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டேன். "எப்பவும்போலத்தான்," என்றாள்.

அந்தக் கோடையில் ஒரு மனிதர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஃபோர்ட் வொர்த் பக்கத்து ஆள், ஆறடிக்கு மேல் உயரம். இளவயது முதல் வைத்திருந்த குதிரை செத்துப்போக, அதன் வாலை இவளுக்கு அனுப்பியிருந்தார். காப்பைத் தபாலில் வாங்கிக்கொள்ள மனமில்லாமல் அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். இவள் அதை அவர் மணிக்கட்டில் கட்டி முடிச்சை இழுத்ததும், அந்த மனிதர் எங்கள் டிரைவ்வேயிலேயே உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். எதிர் வீட்டுக்காரர் புல் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, "உங்கள் மனைவி மிகவும் அன்பானவர்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. முதலில், என் மனைவியின் அன்பைப் பற்றி எனக்கே வந்து சொல்கிறாரே என்று. பிறகு அது இல்லை என்று புரிந்தது. அதற்கு முந்தைய வருஷம் ஊரில் என் அப்பா இறந்துபோனார். கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவன் நான். போனால் விசா முத்திரை குத்தித் திரும்பி வருவதற்குத் தேதி கிடைக்காது என்ற நிலைமை. தம்பிதான் கொள்ளி வைத்தான். நான் ஃபோனில் பார்த்தேன். படம் நடுவே நின்று நின்று வந்தது. மறுநாள் காலை ஆபீஸ் மீட்டிங்கில் பேசினேன், நன்றாகவே பேசினேன். எனக்கு ஒரு பொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஒரு குதிரைக்காக நட்ட நடுப் பகலில், அந்நியர் வீட்டு வாசலில் உட்கார்ந்து இந்த ஆளால் அழ முடிகிறது. அது எப்படி இவருக்கு மட்டும் முடிகிறது என்றுதான் எனக்கு எரிந்தது.

குளிர் தொடங்கும் சமயம், ஒரு வாரநாள் காலையில் லாஸ் கொலினாஸில் என் ஆபீஸுக்கு மனைவி ஃபோன் செய்தாள்.

"கொஞ்சம் வரீங்களா?" என்றாள். கிளம்பிவிட்டேன்.

குதிரைக்கு வயிற்று வலி. குதிரைகளுக்குக் குடல் முறுக்கிக்கொண்டால் பிழைப்பது கஷ்டமாம். நான் போய்ச் சேர்ந்தபோது அது மைதானத்து ஓரத்தில் நின்று, முன்காலால் மண்ணைப் பறித்துக்கொண்டு, திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தது. உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. மாட்டு வைத்தியர் மாதிரிக் குதிரைகளுக்கென்று வரும் டாக்டர் ஊசி போட்டுப் பார்த்திருந்தார். அறுவை சிகிச்சையைத் தாங்கும் வயது இல்லை, வலியை நீட்டிக்க வேண்டாம் என்றார். பண்ணைக்காரப் பெண்மணி முகத்தைத் துடைத்துக்கொண்டு சரி என்றார்.

மனைவி கயிற்றைப் பிடித்திருந்தாள். நான் மறுபக்கம் போய் நின்றேன். இத்தனை நாள் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒன்றை முதல் முறையாகத் தொட்டேன். கழுத்து சூடாக, நடுங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் மருந்தை நிரப்பினார்.

"அவகிட்ட ஏதாவது பேசுங்களேன்," என்றாள் மனைவி. "என்னால முடியல. யாராவது பேசிட்டே இருக்கணும் அவளுக்கு."

குதிரையிடம் நான் என்ன பேச? அதன் காது என் பக்கம் திரும்பியது. வாய்க்கு வந்தது இதுதான்: "ஆமா, பயமாத்தான் இருக்கும். பயமாத்தான் இருக்கும்."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். மனைவி குதிரையின் கழுத்துக்கு மேலாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். புரிந்துகொண்டுவிட்டாள் என்று தெரிந்தது. டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டு எங்களை விலகச் சொன்னார். குதிரை முதலில் பின்னங்கால்களை மடித்து, பிறகு முழுவதுமாகச் சாய்ந்தது.

வாலைப் பண்ணைக்காரப் பெண்மணியே வெட்டி, ரப்பர் பேண்ட் போட்டு இவள் கையில் கொடுத்தார். என் காரில்தான் திரும்பினோம். மடியில் அதை வைத்துத் தடவிக்கொண்டே வந்தவள் கேட்டாள்.

"அன்னிக்கு லாயத்துக்கு வந்தீங்களா?"

"வந்தேன்."

"எவ்ளோ கேட்டீங்க?"

"ரெஸ்யூமே வரைக்கும்."

அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே, "அப்புறம் ஏங்க எதுவும் கேக்கல?" என்றாள்.

"பொறாமையா இருந்துச்சு."

"குதிரை மேலயா?"

"ஆமா."

அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு அந்த இன்டர்வியூவைப் பற்றி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். நான் வாயைத் திறக்காமல் ஓட்டினேன். நடுவில் ஒரு யோசனை சொல்ல நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

ஊரில் உள்ள வாலையெல்லாம் பின்னிக் கொடுத்தவளுக்கு இந்த வாலைப் பின்ன முடியவில்லை. எடுப்பாள், பிரிப்பாள், வைத்துவிடுவாள். குளிர்காலம் முழுவதும் அது கராஜில் தனியாகத் தொங்கியது. பிறகு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். டென்டன் பக்கம் ஒரு மண்பாண்டப் பட்டறையில் குதிரை முடிப் பானை செய்கிறார்கள். பானை சூளைக்குள் கனலும்போது இடுக்கியால் வெளியே எடுத்து, அந்தச் சூட்டிலேயே முடியை ஒவ்வொன்றாக மேலே வைப்பார்கள். முடி சுருண்டு எரிந்து, பானையில் கறுப்புக் கோடாகப் பதிந்துவிடும். யார் நினைத்தாலும் அந்தக் கோட்டை அழிக்க முடியாது.

"நீங்களும் வாங்க," என்றாள். "தனியா என்னால முடியாது."

ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போனோம். திறந்த வெளியில் சூளை. பானை வெளியே வந்தபோது வெண்மையாக இருந்தது. பக்கத்தில் போனால் முகம் காந்தியது. மனைவி முதல் முடியை வைத்தாள். சுர்ரென்று துடித்துச் சுருண்டு, கொடிபோல ஒரு கோடு விழுந்தது. பிறகு கற்றையை என்னிடம் நீட்டினாள். நானும் வைத்தேன். ஒன்று, இன்னொன்று, மறுபடி ஒன்று. புகை நேராக என் மூக்குக்கு வந்தது.

முடி பொசுங்கும் வாசனை. ஃபோனில் பார்த்தபோது எனக்கு வராத வாசனை. தம்பி கொள்ளி வைத்ததும் திரும்பிப் பார்க்காமல் நடந்ததைப் பார்த்தேன். சிதை எரிந்ததைப் பார்த்தேன். ஆனால் அங்கே நின்றவர்களுக்குக் கிடைத்த இந்த ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. கையிலிருந்த முடிகளைக் கீழே போட்டுவிட்டு, சூளைக்குப் பக்கத்தில் இருந்த செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து அழுதேன். வாய்விட்டு அழுதேன். மகள் பயந்துபோய், "அம்மா, ஈஸ் ஹி க்ரையிங் ஃபார் த ஹார்ஸ்?" என்று கேட்டாள்.

"தாத்தாவுக்காக," என்றாள் மனைவி. அப்பாவுக்காக அழ முடியாமல் போனதைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. பானை ஆறுவதற்குள் மிச்ச முடிகளை அவளே பொறுக்கி வைத்து முடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வேறு வேலைக்கு அவள் போகவில்லை. வால்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. இன்னொரு பண்ணையில் இப்போது ஒரு செம்பட்டைக் குதிரையிடம் போகிறாள். நானும் சில நாள் கூடப் போகிறேன். அது என்னைக் கண்டால் காதை மடக்கிக்கொள்கிறது. வண்டியில் போகும்போதும் வரும்போதும் என்னிடம் பேசுகிறாள். நடுவில் லாயத்துக்குள் அந்தச் செம்பட்டையிடம் என்ன பேசுகிறாள் என்று தெரிந்துகொள்ள இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

பானை எங்கள் ஹாலில் இருக்கிறது. மெருகு பூசாதது, தண்ணீர் ஊற்றினால் கசியும். சும்மா பார்க்கத்தான். வீட்டுக்கு வருகிற ஆன்ட்டி, அங்கிள் எல்லாரும் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "யார் பண்ணது?" என்று கேட்பார்கள். மனைவி அந்த வெள்ளைக் குதிரையின் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்வாள். வேலியோரம் வந்து தோளில் தலை வைத்தது, அரப்பு, வால் எல்லாம் வரும். அவள் சொல்லும் கதையில் நான் பெரும்பாலும் வருவதில்லை. அந்தப் பானையின் ஒரு பக்கத்தில், கழுத்துக்குக் கீழே, மூன்று நான்கு கோடுகள் மற்றவை போலக் கொடியாக ஓடாமல் கோணல்மாணலாக வெட்டி நிற்கும். அவை நான் வைத்தவை. அவற்றை அவள் யாருக்கும் காட்டுவதில்லை. காட்டினால்தான் என்ன என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.